மேட்டில் கிடந்த நிழல்

திரேனோவா ஊரின் கடைசி வீட்டுக்கு நிழல் கிடையாது. இரண்டு மாடிக் கல்வீடு, ஓட்டுக்கூரை, புகைபோக்கி, பின்னால் ஒரு பேரி மரம், சமையலறை ஜன்னலை ஒட்டி ஒரு கிணறு. பேரி மரத்துக்கு நிழல் உண்டு, கிணற்றுச் சுவருக்கும் உண்டு, வீட்டுக்கு மட்டும் இல்லை. அதன் நிழல் ஒரு மணி நேர ஏற்றத்துக்கு மேலே, ராவ்னா மேட்டின் வெறும் புல்வெளியில் கிடந்தது. காலையில் மேற்கே நீண்டு, உச்சியில் சுருங்கி, மாலையில் கிழக்கே நீண்டு, மற்ற வீடுகளின் நிழலைப் போலவே ஒழுங்காக நடந்துகொண்டது. கீழே அடுப்பு மூட்டினால் மேலே புல்லின் மீது புகையின் நிழல் சுருண்டது. ஆடு மேய்ப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் சாப்பாட்டு மூட்டையை அவிழ்ப்பார்கள். ஜன்னல்களுக்கு உரிய இடங்களில் வெளிச்சச் சதுரங்கள் இருந்தன. வீட்டுக்குள் யாராவது நடந்தால் சதுரத்தில் அவர்களுடைய நிழலும் நடந்தது. வெயிலுக்கு ஒதுங்க இடமில்லாததால் அந்த வீட்டு முற்றத்தில் கோழி தங்காது என்பதுதான் ஊரார் சொன்ன ஒரே குறை.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தக் காலத்தில் பால்கன் மலைக் கொத்தனார்கள் வீடு கட்டத் தொடங்கும்போது, வழியில் போகிற ஒருவனுடைய நிழலை அவனுக்குத் தெரியாமல் நூலால் அளந்து, அந்த நூலை அடித்தளக் கல்லுக்குள் வைத்துக் கட்டுவார்கள். அளக்கப்பட்டவன் நாற்பது நாளில் இறந்துபோய் அந்த வீட்டுக்குக் காவல் இருப்பான். வெல்கோ என்பவர் ராவ்னா மேட்டில் வீடு கட்டத் தொடங்கியபோது, மேஸ்திரி தோன்கோவுக்கு யாரையும் சாகடிக்க மனம் வரவில்லை. ஓக் மரத்தில் செய்து நிமிர்த்தி வைத்திருந்த நிலைவாசலின் நிழலை அளந்து, அந்த நூலைக் கல்லுக்குள் புதைத்தார். மறுநாள் வெல்கோவின் மனைவி மேட்டுக்கு ஏறி வந்து, தண்ணீர் இல்லாத இடத்தில் குடித்தனம் செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். நிலைவாசலைப் பிடுங்கிக் கீழே கொண்டுபோய் கிணற்றருகே வீட்டைக் கட்டினார்கள். நூலை எல்லோரும் மறந்துவிட்டார்கள். வீடு கீழே எழுந்தது. நிழல் நூல் இருந்த இடத்துக்குப் போனது.

அதற்குப் பல தலைமுறைகள் கழித்து ஒரு மார்ச் மாதம் சோபியாவிலிருந்து ஓக்னியானும் அவன் மனைவி பிஸ்த்ராவும் வந்தார்கள். அவன் டிராம் ஓட்டியவன். அவள் ஆஸ்பத்திரித் துணிகளுக்கு இஸ்திரி போட்டவள். நகரத்தை விட்டு, தங்கள் ரொட்டியையும் பாலையும் தாங்களே உண்டாக்கி வாழ்வது என்று முடிவெடுத்ததிலிருந்து இருவருக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. அவன் டிராம் கண்ணாடியில் மூச்சை ஊதி, பச்சை விளக்கு விழும்வரை விரலால் தோட்டம் வரைந்தான். அவள் ஒரு பண்ணையில் ஆடுகளுக்கு முன்பணம் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பெயரும் வைத்துவிட்டாள். மே மாதத் தொடக்கத்தில், புனித ஜார்ஜ் திருநாளன்று ஆடுகள் வந்து இறங்கும். அதற்குள் இடம் வேண்டும். சேமிப்பு ஒன்றை வாங்கத்தான் போதும்: வெறும் நிலம், அல்லது வீடு. ஓக்னியான் ராவ்னா மேட்டைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினான். பிஸ்த்ரா கல்வீட்டின் சுவரில் காதை வைத்து, பக்கத்து வீட்டுக் கரண்டிச் சத்தம் கேட்கவில்லை என்று தெரிந்ததும் சிரித்தாள்.

மேடு ஸ்தாமெனுக்குச் சொந்தம். வெல்கோவின் வழியில் ஊரில் மிஞ்சிய ஒரே ஆள் அவர். வீட்டில் அவருக்குப் பதிமூன்றில் ஒரு பங்கு. மற்ற பங்குக்காரர்கள் ஸ்பெயினிலும் சிகாகோவிலும் இருந்தார்கள். சாவி அவரிடம் இருந்தது.

"இங்க பாரு தம்பி," என்றார் ஸ்தாமென். "மேட்டை வாங்கினா தண்ணி இல்ல, கரண்டு இல்ல, வீடு கட்ட அனுமதி வாங்கறதுக்குள்ள உனக்குப் பல்லு கொட்டிடும். வீட்டை வாங்கினா உத்தரத்துல பூச்சி, கக்கூஸ் வெளியில, கையெழுத்துப் போட உலகம் பூரா ஆளுங்க. எதுல மாட்டிக்கறதுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க."

"என்ன மாமா, விக்கிறவரே இப்படித் திட்டறீங்க?" என்றாள் பிஸ்த்ரா.

"புகழ்ந்து வித்தா, வாங்கினவன் தினம் என் மூஞ்சியில முழிப்பானே."

நிழலைப் பற்றியும் அவரே சொன்னார், கூரையில் ஓடு உடைந்திருப்பதைச் சொல்வதுபோல. சூரியத் தகடு பதிக்கிற கம்பெனி ஒன்றும் மேட்டைக் கேட்கிறது, புனித ஜார்ஜ் திருநாளுக்கு மறுநாள் கையெழுத்துப் போட வருகிறார்கள் என்றும் சொன்னார். அவர்கள் மூடுபனி நாளில் வந்து பார்த்துவிட்டுப் போனதால் அவர்களிடம் நிழலைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

இரண்டு இடத்திலும் வாழ்ந்து பார்த்துவிடுவது என்று ஏற்பாடு. ஓக்னியான் மேட்டில் கூடாரம் போட்டான். பிஸ்த்ரா சாவியை வாங்கிக்கொண்டாள். முதல் வாரம் தினமும் ஒருவரை ஒருவர் கையைப் பிடித்து இழுத்துச் சென்று காட்டினார்கள். அவன் கயிறு கட்டி இது கோழிக்கொட்டகை, இது தேனீப்பெட்டி, இது நம் அறை என்று காற்றைக் காட்டினான். அவள் அவனை ரொட்டி அடுப்புக்குள் தலையை விட்டுப் பார்க்கச் சொன்னாள். இரண்டாம் வாரம் சண்டை பிடித்துக்கொண்டது.

"அந்த வீட்டுல நான் அடிச்ச ஆணின்னு ஒண்ணு இருக்கா? எல்லாம் செத்தவன் அடிச்சது."

"ஆணி அடிக்க முதல்ல சுவரு வேணும். நீ எதுல அடிப்ப, வானத்துலயா?"

"பழசு பழசுன்னு உசுர விடறவ ஒரு கிழவனையே கட்டியிருக்கலாம்."

"கிழவனா இருந்தா தண்ணி இருக்கிற இடமாப் பாத்திருப்பான்."

அதோடு பேச்சு நின்றது. ஊரார் ஸ்தாமெனின் பிளம் சாராயத்தைக் குடித்துக்கொண்டு பந்தயம் கட்டினார்கள். பாதிப்பேர் மேட்டின் பக்கம், பாதிப்பேர் வீட்டின் பக்கம், ஒருவர் மட்டும் விவாகரத்தின் பக்கம்.

பேச்சு நின்ற பிறகுதான் ஓக்னியான் சதுரங்களைக் கவனித்தான். பிஸ்த்ராவின் நிழல் கட்டிலை இழுத்துப் போட்டது, முக்காலியில் ஏறி விட்டத்துக்கு வெள்ளையடித்தது. எட்டாத மூலைக்கு அது எக்கியபோது அவன் புல்வெளியில் தனியாக நின்று "மெல்ல, மெல்ல" என்றான். சில நாட்களில் தன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து சமையலறைச் சதுரத்தில் வைத்தான். கீழே பிஸ்த்ராவின் சமையலறையில் தீய்ந்த காப்பி மணம் வந்தது. அதை அப்படித் தீய்க்கக்கூடியவன் உலகில் ஒருவன்தான். அவள் மேசையில் இரண்டாவது தட்டை எடுத்து வைத்தாள். மேலே புல்லின் மீது ஒரு தட்டின் நிழல் வந்தது. ஓக்னியான் அதன் மேல் ரொட்டியை வைத்து, அவள் நிழலுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான். ஏப்ரல் மாதம் முழுவதும் அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல், ஒன்றாகச் சாப்பிட்டார்கள்.

திருநாளுக்கு முந்தைய நாள், உச்சி வெயிலில், கதவின் நிழல் விழுந்த இடத்தில் ஓக்னியான் அடித்தளத்துக்கு மண் எப்படி என்று பார்க்கத் தோண்டினான். கடப்பாரை செதுக்கிய கல்லில் மோதியது. கல்லின் குழிக்குள் ஆட்டுமயிர் நூல் சுருட்டி மெழுகில் கிடந்தது, நேற்று வைத்ததுபோல. நூலைக் கீழே கொண்டுபோனால் நிழலும் போய்விடும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வீடு முழு வீடாகிவிடும். மேடு வெறும் வெயிலாக, தகட்டுக்காரர்களுக்கு ஏற்றதாகிவிடும். ஆகஸ்டு வெயிலில் அந்த நிழலற்ற சுவர்களுக்குள் வேகப்போகிற பிஸ்த்ராவை நினைத்தான். நூலைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு இறங்கினான். அவன் இறங்க இறங்க, பின்னால் நிழலும் புல்லின் மீது இழுபட்டுக்கொண்டு வந்தது.

பிஸ்த்ரா அடுப்பின் மெல்லிய தணலில் பாலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன இது?"

"உன் வீட்டு நிழல். சுவத்துல வச்சுப் பூசிடு."

"அப்ப மேடு?"

"தகட்டுக்காரன் எடுத்துக்கட்டும்."

அவள் நூலைப் பிரித்து நிலைவாசலின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். நூலின் ஒரு முனை வாசற்படியில், மறுமுனை மேல்கட்டையில் சரியாக நின்றது. அவன் காலில் அப்பியிருந்த மேட்டு மண்ணையும் பார்த்தாள்.

"எடுத்த இடத்துலயே கொண்டுபோய் வை," என்றாள். "நூலு இங்க வரவேணாம். நிலை அங்க போகட்டும்."

"நிலையப் பிடுங்கினா வீடு?"

"வீட்டையா தூக்கச் சொன்னேன்? வாசல் மட்டும் உனக்கு. சுவரு எனக்கு."

ஸ்தாமெனைக் கடப்பாரையோடு வரச் சொன்னார்கள். அவர் நிலையைத் தட்டிப் பார்த்தார்.

"பதிமூணு பங்குல ஒரு பங்கு என்னுது. இதுல ஒரு சாண் அளவுதான் நான் உங்களுக்குத் தர முடியும்."

"மீதியை நாங்க திருடிக்கறோம், மாமா," என்றாள் பிஸ்த்ரா.

"அப்ப சரி," என்று கடப்பாரையைச் சொருகினார்.

டிராக்டரில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். நூலைக் கல்லுக்குள் வைத்து, கல்லை மண்ணுக்குள் வைத்து, மேலே ஓக் நிலைவாசலை நிறுத்தினார்கள். நிழல் பழைய இடத்தில் வந்து படுத்தது. நிலை நேராக நிற்கிறதா என்று பார்க்க ஓக்னியான் அதற்குள் ஒரு அடி எடுத்து வைத்தான். மறுபக்கம் அவன் வரவில்லை. ஸ்தாமென் நிலையைச் சுற்றிப் போய்ப் பின்னால் பார்த்தார். புல்தான் இருந்தது. உள்ளிருந்து ஓக்னியானின் குரல் கேட்டது.

"பிஸ்த்ரா, சீக்கிரம் வா, பால் பொங்கி வழியுது!"

அவள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடி உள்ளே போனாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு வாசல் மேட்டில்தான். கீழே நிலை இருந்த ஓட்டைக்குள் நுழைகிறவர் மேட்டுப் புல்லில் வந்து நிற்பார். ஏற்றம் ஏறச் சோம்பலான சிலர் அதைக் குறுக்கு வழியாகப் பயன்படுத்துகிறார்கள். கம்பெனிக்காரர்கள் நல்ல வெயிலில் வந்து, நிழலையும் பார்த்து, நிலைக்குள் தலையையும் விட்டுப் பார்த்தார்கள். பிஸ்த்ரா கொடுத்த தயிரைச் சாப்பிட்டுவிட்டு, இந்த இடம் சரிப்படாது என்று போனார்கள். ஓக்னியானும் பிஸ்த்ராவும் சேமிப்பைக் கொடுத்து மேட்டை வாங்கினார்கள். மேட்டுக்காரர்கள் விடாமல் யாரும் நுழைய முடியாத வீட்டைப் பங்குக்காரர்கள் யாருக்கும் விற்க முடியவில்லை. ஆளுக்கு வருடம் ஒரு டின் ஆட்டுப் பாலாடைக்கட்டி வாடகை என்று சம்மதித்தார்கள். சிகாகோ டின் மட்டும் சுங்கத்தில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறது. நில அளவைக்கார அம்மா மேட்டில் ஏறி வந்து, வாசல் வழியாக நுழைந்து, ஜன்னல் வழியாக ஊர்த்தெருவைப் பார்த்து, குளிர்பதனப் பெட்டி எந்தக் கம்பத்துக் கரண்டில் ஓடுகிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனார்.

தண்ணீர் பிரச்சினை இல்லை. சமையலறை ஜன்னலிலிருந்து கயிற்றை விட்டுக் கிணற்றில் இறைத்து, வாளியை வாசல் வழியாக மேட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். தபால்காரர் கடிதத்தைத் தெருப்பக்க ஜன்னலில் நீட்டுகிறார். உப்புக் கடன் கேட்கிறவர்களும் அப்படியே. ஆனால் ஜன்னல் ஏறிக் குதித்து வருவதை பிஸ்த்ரா அனுமதிப்பதில்லை. நிழலில்லாத அந்தச் சுவர்களில் நான்கு பக்கமும் வெயில் விழுவதால் ஊர்ப் பெண்கள் இலையுதிர் காலத்தில் மிளகாய்ச் சரங்களை அங்கேதான் காயப் போடுகிறார்கள்.

இப்போது சோபியாவிலிருந்து வேறு இளம் தம்பதிகள் வருகிறார்கள், நிலம் வாங்கலாமா வீடு வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டு. ஓக்னியான் நிலம் என்கிறான். பிஸ்த்ரா வீடு என்கிறாள். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சா ஆறிப்போகும்வரை சண்டை நடக்கிறது, அந்த மார்ச் மாதத்தின் அதே சூட்டோடு. வந்தவர்கள் மெல்ல எழுந்து வாசலைத் தாண்டி வெளியே வந்தால், மாலைப் புல்லின் மீது வெளிச்சச் சதுரத்தில் இரண்டு நிழல்கள் கையை ஆட்டி ஆட்டி வாதாடிக்கொண்டிருக்கும், அவற்றின் மேல் ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும்.