பானட்டைத் திறப்பதற்கு முன்

மின்சார மீட்டர்களுக்கு சீல் வைத்தே வேலைக்காலம் முழுவதையும் ஓட்டியவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவருக்கு மீட்டர்காரர் என்றுதான் பெயர். ஊரில் பாதிப்பேர் திருடர்கள், மீதிப்பேர் இன்னும் மாட்டாதவர்கள் என்பது அவர் கணக்கு. அப்பேர்ப்பட்ட மனுஷரின் ஒரே மகள், போயும் போயும் கார் சர்வீஸ் சென்டரில் அட்வைசராக இருப்பவனைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றால்?

"வாயத் தொறந்தா பொய்! நல்லா இருக்கற காரை நோயாளியாக்கி, கண்ட பாட்டிலையும் ஊத்திவிடறதுதானே அவன் பொழப்பு?" என்று குதித்தார்.

"ஆளைப் பாக்காமலே பேசாதீங்கப்பா," என்றாள் மகள்.

"சாயங்காலம் பதில் சொல்றேன்," என்று காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை. சொல்வாரா? போன வாரம்தான் அவருடைய பழைய மெக்கானிக் பிரேக் ஆயில் உட்பட எல்லாவற்றையும் மாற்றியிருந்தார். உலகத்தில் மீட்டர்காரர் நம்பிய ஒரே ஜீவன் அந்த மெக்கானிக். ஆக, காரில் குறையே கிடையாது. இருக்கிறது என்று அட்வைசர் ஒரு வார்த்தை சொல்லட்டும், கல்யாணப் பேச்சுக்கு அன்றைக்கே முழுக்கு.

சர்வீஸ் சென்டரில் தான் யாரென்று தெரியாமலிருக்க மச்சானின் பெயரையும் போன் நம்பரையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். அட்வைசர் வந்தான். இஸ்திரி கலையாத சட்டை, பல்லெல்லாம் தெரியும் சிரிப்பு. மேஜையில் பளபளவென்று பாட்டில்கள்.

"சார், இதை அவசியம் ஊத்திருங்க. பெட்ரோலோட சேந்து உள்ள இருக்கற கரியெல்லாம் எடுத்துரும். வண்டி புதுசு மாதிரி ஓடும்."

"ஊத்தலைன்னா?"

"என்ஜின் சீக்கிரம் தேஞ்சுரும் சார்."

மாட்டினான்! மீட்டர்காரருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. ஆனாலும் ஒரு பொய்யோடு விட மனசில்லை.

"வண்டியையும் ஒரு தடவை பாருங்க," என்றார்.

அவன் பட்டறைக்குள் போய் பானட்டைத் திறந்து குனிவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்தவன் ரொம்ப நேரம் நிமிரவே இல்லை. திரும்பி வந்தபோது முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"பிரேக் ஆயில் ரொம்பப் பழசு சார். மாத்தாம வண்டிய எடுக்காதீங்க."

மீட்டர்காரர் துள்ளி எழுந்தார். "அடப்பாவி! போன வாரம்தான்யா மாத்துனேன். யாருக்குக் காது குத்தறே?"

"நீங்களே வந்து பாருங்க."

உள்ளே இருப்பது வெளியே மங்கலாகத் தெரியும் பிரேக் ஆயில் டப்பாவில், மூடியையும் டப்பாவையும் சேர்த்து ஊதா நிற நெயில் பாலிஷில் ஒரு கோடு இழுத்திருந்தது.

"மூடியத் தொறந்திருந்தா இந்தக் கோடு உடைஞ்சிருக்கும். தொறக்காம எப்படி மாத்துனாங்க? இதை யாரு போட்டது?"

"நான்தான். போன வருஷம்..." என்று ஆரம்பித்தவர் குனிந்து அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். ஊரான் ஏமாற்றினால் கண்டுபிடிக்க, மகளின் நெயில் பாலிஷை எடுத்து அவரே வைத்த சீல். மெக்கானிக் வேலை முடித்த பிறகு அதைப் பார்க்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. நம்பிக்கைதான், வேறென்ன? அட்வைசர் மூடியைத் திருகினான். கோடு படக்கென்று விட்டது. உள்ளே ஆயில் கடுங்காப்பி நிறத்தில் கிடந்தது.

கூடவே இருந்து குழி பறித்துவிட்டானே அந்த மெக்கானிக் பாவி!

"மாத்திருங்க தம்பி," என்றார், குரல் இறங்கி. "அந்த பாட்டில்?"

"அது வேணாம் மாமா."

மாமாவா! மீட்டர்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்த ஊதா கலர் எனக்குத் தெரியும். அப்பா எல்லாத்துக்கும் சீல் வைப்பாருன்னு அவ சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. பானட்டத் தொறந்ததுமே புரிஞ்சுபோச்சு."

"தொறக்கறதுக்கு முன்னாடி அவசியம்னீங்களே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அப்போ நீங்க கஸ்டமர்."

திரும்பும் வழியெல்லாம் மிதித்து மிதித்துப் பார்த்தார். பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. பையன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். ஆனால் அந்தக் கோடு இல்லாமல் போயிருந்தால்?

மகள் வாசலிலேயே காத்திருந்தாள்.

"அவர் போன் பண்ணிட்டாரு. திருட்டுத்தனமா போய்ப் பாத்துட்டீங்க, இல்ல? சொல்லுங்கப்பா, நல்லவர்தானே?"

"நல்லவன்தாம்மா. வீட்டாளுக்குப் பொய் சொல்லமாட்டான்."

அவள் முகமெல்லாம் மலர்ந்தது.

"ஒண்ணே ஒண்ணு உன்னையே கேட்டுக்கோ," என்றார் மீட்டர்காரர். "ஒருநாள் உங்களுக்குள்ள ஆகாமப்போயி நீ அவனுக்கு வெளியாளாயிட்டா, உனக்கு எந்த பாட்டில எடுத்து நீட்டுவான்னு."

மகள் கையிலிருந்த போன் அடித்தது. அவன்தான். அவள் உடனே எடுக்கவில்லை.