ராக்கம்மாளின் மர்மர்

விளாங்குடி தாண்டி திண்டுக்கல் சாலையில் இருந்த அந்தத் தனியார் மருத்துவக் கல்லூரியில், ஜெர்மானிய டாக்டர்களைக் கிழித்துத் தொங்கவிட ஹரிராமை விட்டால் ஆள் கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவ அறவியல் வகுப்பு எடுக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. மற்ற பேராசிரியர்கள் அன்றைக்கு லீவு போட்டார்கள். ஹரிராம் சட்டைக்குக் கஞ்சி போட்டார். நாஜி முகாம்களில் கைதிகளை ஐஸ் தண்ணீரில் அமுக்கிப் பார்த்த மருத்துவர்களைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். ஜெர்மனி முடிந்தால் அமெரிக்கா. அங்கே வந்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைப்பார். எந்த வரியில் கழற்றுவார் என்பதை சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

பழைய ஓவர்ஹெட் புரொஜெக்டரின் கண்ணாடிமேல் பிளாஸ்டிக் ஷீட் மாற்றுவது உதவிப் பேராசிரியை ஹெப்சிபாவின் வேலை. ஹரிராமின் யூனிட்டில் சேர்ந்த வருஷத்திலிருந்து மாற்றிக்கொண்டிருக்கிறாள். பேச்சு முழுக்க அவளுக்கு மனப்பாடம்.

இந்த வருஷம் அவள் மனசெல்லாம் பெண்கள் வார்டில் இருந்தது. அங்கே ராக்கம்மாள் இருந்தாள். கீழக்குயில்குடிக்காரி. களை எடுக்கப் போன இடத்தில் மூச்சு வாங்கி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டவளைப் புருஷன் காளை கொண்டுவந்து சேர்த்திருந்தான். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் தூரத்தில் சரக்கு ரயில் போவதுபோல ஓர் இரைச்சல். டாக்டர்கள் அதை மர்மர் என்பார்கள். புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அப்படியே கேட்கும். அதுதான் அவளுக்கு வினையாகப் போயிற்று.

கூடப் படித்து இப்போது சென்னையில் டாக்டராக இருக்கும் ஒருத்தியை நச்சரித்து, அங்கே பலூன் விட்டு வால்வை விரித்துவிட வெள்ளிக்கிழமைக்குத் தேதி வாங்கியிருந்தாள் ஹெப்சிபா. தவறினால் மாசக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். ஆனால் அதற்கடுத்த திங்கட்கிழமை இறுதியாண்டுப் பரீட்சை; நோயாளியைச் சோதித்து மாணவர்கள் வியாதியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஹைதராபாத்திலிருந்து எக்ஸாமினர் வருகிறார். அவர் அசந்துபோகிற மாதிரி ஒரு கேஸை முன்னால் வைப்பது ஹரிராமுக்கு மானப் பிரச்சினை. ராக்கம்மாளைச் சென்னைக்கு அனுப்புகிற சீட்டில் அவர் கையெழுத்துப் போடவில்லை.

“படுக்கவே முடியல சார். மூச்சு முட்டி, விடிய விடிய உக்காந்தே இருக்காங்க” என்றாள் ஹெப்சிபா, காலை ரவுண்ட்ஸில்.

“மாத்திரை குடுக்கிறோம்ல? ஃபேனுக்கு நேரா பெட்டு. தினமும் முட்டை. என் வீட்டுல எனக்கே இம்புட்டு கவனிப்பு கிடையாதும்மா.” புது ஸ்கூட்டரின் சீட்டில் கை வைப்பதுபோல ராக்கம்மாளின் தோளில் கை வைத்தார். சுற்றிலும் மாணவர் கூட்டம். “பிள்ளைங்க படிக்கணுமா வேணாமா? இப்படி ஒரு கேஸு மறுபடி கிடைக்குமா? கொஞ்ச நாள் தள்ளிப் போட்டா ஒண்ணும் ஆயிராது.” பிறகு குனிந்து, “பரீட்சையன்னிக்கு எவன் கேட்டாலும் வியாதி பேரைச் சொல்லப்படாது, தெரியுதா?” என்றார்.

“நான் ஏன் சாமி சொல்றேன்” என்றாள் ராக்கம்மாள். அவர் நகர்ந்ததும் ஹெப்சிபாவின் கையைப் பிடித்தாள். “ஏந்தாயி, இப்பப் பரீட்சை எனக்கா, அந்தப் பிள்ளைகளுக்கா? நேத்தே ரெண்டு பேரு காப்பி வாங்கியாந்து, ‘அக்கா, என்ன வியாதின்னு மட்டும் சொல்லிருங்க’ங்கிறானுக.”

“தேதி போயிருமா தாயி?” என்றான் காளை.

“போகாதுண்ணே. வியாழக்கிழமை காலையில துணிமணியெல்லாம் எடுத்து வச்சிருங்க.”

அவள் சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. நேராகப் போய் ஆம்புலன்ஸ் டிரைவரிடமும் அதையே சொன்னாள். புதன்கிழமை அறவியல் வகுப்பு இருந்தது. ஹரிராமைப் பணிய வைக்க இந்தக் கல்லூரியில் ஹரிராமைத் தவிர யாராலும் முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

புதனன்று அரங்கம் நிறைந்திருந்தது. ஜெர்மனி முடிந்து, கைதட்டலும் முடிந்து, அமெரிக்கா வந்தது. ஏழைக் கறுப்பின ஆண்கள், பல நூறு பேர். மேகநோய், அதாவது சிபிலிஸ். மருந்து கண்டுபிடித்தாகிவிட்டது. ஆனால் கொடுக்கவில்லை. நோய் எப்படி முற்றுகிறது என்று வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், டாக்டர்கள். ஹரிராம் கண்ணாடியைக் கழற்றினார்.

அடுத்த ஷீட்டை வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு ஹெப்சிபா கேட்டாள்: “சார், அந்த டாக்டருங்க அதுக்கு என்ன நியாயம் சொன்னாங்க?”

ஹரிராமுக்கு உச்சி குளிர்ந்தது. வில்லன் வேஷம் கட்டுவதென்றால் அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஆனால் வில்லனுக்கென்று தனிக் குரல் எதையும் அவர் பழகியிருக்கவில்லை. இருப்பது ஒரே குரல். தினமும் காலையில் வார்டில் கேட்கிற அதே குரல்.

“என்ன சொன்னானா? ‘படிப்புக்காகத்தானே’ன்னான்! ‘இப்படி ஒரு வாய்ப்பு மறுபடி கிடைக்குமா’ன்னான்!” சொல்லிக்கொண்டே காற்றில் ஒரு தோளின்மேல் கையை வைத்தார்.

அரங்கத்தில் எங்கோ ஒரு செருமல். நடு வரிசையிலிருந்து பாலமுரளி எழுந்தான். இறுதியாண்டு மாணவன், எப்போதும் சந்தேகம் கேட்கிறவன்.

“சார், அவங்களுக்கு முட்டை குடுத்தாங்களா சார்?”

“ஏன் குடுக்கல? சாப்பாடு போட்டான்! செத்தா அடக்கச் செலவுகூட நான் பாத்துக்கிறேன்னான்! மருந்து ஒண்ணைத் தவிர எல்லாம் குடுத்தான்யா!”

அரங்கம் வெடித்துச் சிரித்தது. அறவியல் வகுப்பில் அந்த இடத்தில் யாரும் சிரித்ததில்லை. ஹரிராம் கோபமாக வாயைத் திறந்தார். காற்றில் நின்ற தன் கையைப் பார்த்தார். கை மெல்லக் கீழே இறங்கியது. தன் வீட்டு மொழியில் ஏதோ முனகினார். அங்கே சௌராஷ்டிரம் தெரிந்த ஒரே மாணவி காவ்யஸ்ரீ, குனிந்து கீழே விழாத பேனாவைத் தேடினாள்.

ஆனால் பெரிய மனிதர்கள் விழுந்த இடத்திலேயே கிடப்பதில்லை.

“ஹெப்சிபா!” அரங்கம் அதிர்ந்தது. “ஃபேனடியில இருக்கிற அந்தம்மாவ ஏன் இன்னும் சென்னைக்கு அனுப்பல? என்ன யூனிட் நடத்துறீங்க?”

“என் தப்புதான் சார்.” ஹெப்சிபா கோட்டுப் பையிலிருந்து சீட்டை எடுத்தாள். “பேனா வேணுமா சார்?”

புரொஜெக்டர் கண்ணாடி மேலேயே வைத்து அவர் கையெழுத்துப் போட்டார். திரையில் பூதாகாரமாக ஒரு கையின் நிழல் ஆடி அடங்கியது. “பாத்துக்குங்க. இதுக்குப் பேருதான் அறவியல்” என்றார். பலத்த கைதட்டல். ஹெப்சிபாவும் தட்டினாள், சீட்டை மடித்துப் பத்திரப்படுத்திய பிறகு.

வியாழக்கிழமை காலை ஆம்புலன்ஸ் கிளம்பும் நேரத்தில் ஹரிராம் வந்து நின்றார். பரீட்சைக்கு ராக்கம்மாளுக்குப் பதிலாக வீங்கிய மண்ணீரல் ஒன்றைத் தேடிப் பிடித்தாகிவிட்டது. அதில் அவருக்கு அவ்வளவு திருப்தியில்லை. பழக்க தோஷத்தில் ஸ்டெதஸ்கோப்போடு கை ராக்கம்மாளின் நெஞ்சுக்கு நீண்டது. ஹெப்சிபா பார்த்துக்கொண்டிருந்தாள். கை பாதியில் நின்றது.

“ஏம்மா... ஒரே ஒரு தடவை வச்சுப் பாத்துக்கிரட்டுமா?”

ஒரு நோயாளியிடம் அவர் அனுமதி கேட்டு ஹெப்சிபா கேள்விப்பட்டதே இல்லை.

ராக்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “இப்ப வேணாஞ்சாமி, நேரமாச்சு. நல்லாயிட்டு வாரேன், எம்புட்டு நேரம் வேணும்னாலும் பாருங்க.”

நல்லாகி வந்தால் அந்த மர்மர் சத்தம் இருக்காதே என்று சொல்ல ஹரிராம் வாயெடுத்தார். அதற்குள் காளை கதவைச் சாத்திவிட்டான்.