பெயர் போட்ட செய்தி

1

1987, செப்டம்பர் 19, சனிக்கிழமை, மாலை நான்கு மணி. கள்ளக்குறிச்சியில் ஓர் அச்சகத்தில் ஒரு பெண்ணின் பெயர் ஈய எழுத்துகளில் கோக்கப்பட்டது. இந்தக் கதையில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது அவ்வளவுதான்.

சொன்னவர் கோத்தவரே. வெற்றிவேல். பல வருடம் கழித்து, திருக்கோவிலூர் பேருந்து நிலையத்தில். "அந்தம்மாவிடம் சொன்னீர்களா?" என்று கேட்டேன். அவருடைய பேருந்து வந்துவிட்டது. மிச்சத்தை நான் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: சிறைக்கதவு சாத்தப்பட்ட ஓசையில் கொளஞ்சியம்மாள்—

வேண்டாம். அந்த ஓசையை நான் கேட்டதில்லை.

இரண்டாவது: இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின் மூன்றாம் நாள். சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. நான்கு பக்க வாரப் பத்திரிகை ஒன்றின் நிருபர் கொளஞ்சியம்மாள் கல்வராயன் மலைக்கு நடந்தே போய்த் திரும்பியிருந்தாள். முதல் நாள் கடுக்காய் மூட்டையோடு மலையிறங்கிய பொன்னுரங்கத்தைக் கலவரக்காரர் என்று போலீஸ் பிடித்தது. போராட்டம் எதற்கென்றே அவருக்குத் தெரியாது. அன்றிரவே விட்டுவிட்டார்கள். இடது காது கேட்கவில்லை.

இது இருக்கட்டும்.

3

அவள் காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து, பொன்னுரங்கத்தைப் பற்றி எழுதி வந்த செய்தியைப் படித்தாள். கால் இரண்டும் கொப்புளம். வெற்றிவேல் கோத்தான். (அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. அவன் என்றே எழுதுகிறேன்.)

"மெதுவா படிங்க நிருபரே. எழுத்து இன்னா பறந்துக்கினா வரும்?"

"மலை ஏறி எறங்கனது நானு. மூச்சு வாங்கறது நீங்களா கம்பாசிட்டரே?"

அந்தப் பத்திரிகையில் யார் எழுதினாலும் மேலே 'நமது நிருபர்' என்றுதான் வரும். வாராவாரம் கோக்க வேண்டாமென்று அந்த இரண்டு சொல்லையும் அவன் நூலால் கட்டியே வைத்திருந்தான். மூன்று வருடமாக அவள் எழுதிய எல்லாவற்றுக்கும் அந்தக் கட்டுதான்.

அவள் போனபிறகு அதை ஓரமாக வைத்தான். கொளஞ்சியம்மாள் என்று கோத்தான். ஆசிரியர் காசிநாதன் பஸ் இல்லாமல் விழுப்புரத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். தடுக்க ஆளில்லை.

(காதல் என்று எழுதி அடித்துவிட்டேன். அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. "அவங்க பேரு அச்சுல எப்பிடி இருக்கும்னு பாக்கத் தோணுச்சு" என்றார்.)

4

செவ்வாய்க்கிழமை போலீஸ் வந்தது.

"பேரே போட்டுருக்குதே சார். அவங்களையே கேளுங்க" என்றார் காசிநாதன்.

நமது நிருபர் என்றிருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். கலவரத்தைத் தூண்டியதாக வழக்கு. கொளஞ்சியம்மாள் வேலூர்ச் சிறைக்குப் போனாள்.

5

சிறையில் அவளைப் பற்றி மூன்று பக்கம் எழுதிக் கிழித்தேன். மிஞ்சியது இது: பெண் காவலரின் சேலையில் மண்ணெண்ணெய் வாசம் அடித்த ஒரு காலையில், சனிக்கிழமைதோறும் மண்ணெண்ணெயில் எழுத்துகளைக் கழுவும் அச்சகம் நினைவுக்கு வந்து, இன்று சனிக்கிழமை என்று அவள் எழுந்து உட்கார்ந்தாள். அன்று புதன்.

(இதுவும் நான் உண்டாக்கியதுதான். எடுக்க மனம் வரவில்லை.)

6

மாதம் ஒருமுறை வெற்றிவேல் மனுவுக்குப்* போனான். 'நான்தான் போட்டேன்.' திருவண்ணாமலை தாண்டியதும் சொல்லிப் பார்ப்பான். வேலூர் போய் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வருவான். சொன்னால் அவள் முகத்தை இனிப் பார்க்க முடியாமல் போகலாம். சொல்லாமல் பார்ப்பதும் பார்ப்பதாக இல்லை.

* சிறையில் இருப்பவரைப் பார்ப்பதற்கு அங்கே மனு என்று பெயர்.

முடிவு அ: சொல்கிறான். அவள் எழுந்து உள்ளே போகிறாள். அடுத்த மாதம் அவன்—

முடிவு ஆ: சொல்லவே இல்லை. அவள் விடுதலையாகி வேறு ஊருக்கு—

இரண்டையும் என்னால் முடிக்க முடியவில்லை.

முடிவு இ: கம்பிவலைக்கு இந்தப் பக்கம் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருக்கிறார்கள்.

"எளைச்சிட்டீங்க."

"இங்க இன்னா கறிசோறா போடறாங்க? பொன்னுரங்கம் எப்பிடி கீறாரு?"

"காது போனது போனதுதான். ஒங்களத்தான் கேட்டாரு." அப்புறம், அதே மூச்சில்: "ஒங்க பேரைப் போட்டது நாந்தான். யாரும் சொல்லல. நானாதான் போட்டேன்."

அவள் வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டு நின்றாள். நேரமாகிவிட்டது என்று பெண் காவலர் அதட்டினாள்.

(அடுத்து அவன் சொன்னதை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கிலும் பேசியது நான். உங்களுக்குத் தெரிந்தால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவள் கேட்டதை மட்டும் தருகிறேன்.)

"வெளிய வந்து மறுபடியும் எழுதனா, எம்பேரைப் போடுவியா வெற்றி?"