ஆத்தாயி இடிக்கச் சொன்ன சுவர்

பள்ளிபாளையத்தில் காவிரிப் பாலத்துக்குக் கூப்பிடு தூரத்தில் ஆத்தாயிக்கும் அவள் புருஷன் சின்னண்ணனுக்கும் ஓட்டுக் கொட்டகை ஒன்று இருந்தது. அதில் எட்டு விசைத்தறி ஓடியது. சரக்கை ஈரோட்டுச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பது சின்னண்ணன் வேலை. தறியையும் தறி ஓட்டுகிறவர்களையும் கட்டி மேய்ப்பது ஆத்தாயி. அறுந்த இழை எந்தத் தறியில் என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். தறி வாங்கக் கடன் கொடுத்த பேங்க்காரர்கள் கொட்டகைக்குத் தீ இன்சூரன்ஸ் எடுத்தே ஆகவேண்டும் என்று சொல்லியிருந்ததால், வருஷா வருஷம் பிரீமியம் கட்டி வந்தார்கள். கட்டும்போதெல்லாம் சின்னண்ணன் முணுமுணுப்பான்.

எண்பத்து மூன்றாம் வருஷம், சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம், மேற்குப் பக்கத்துக் குடோன் தீப்பிடித்தது. கந்தப்பனுடைய கழிவுப் பஞ்சுக் குடோன் அது. அதற்கும் ஆத்தாயியின் கொட்டகைக்கும் நடுவே ஒரே பொதுச்சுவர். கிழக்கே வரிசையாக இன்னும் பல தறிக் கொட்டகைகள், அவற்றை ஒட்டி வீடுகள். எல்லாவற்றுக்கும் மரச்சட்டம், மேலே ஓடு, ஒன்றின் கூரை அடுத்ததன் தோளில் கைபோட்டது மாதிரி கிடக்கும். காற்றோ மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது.

ஈரோட்டிலிருந்து பாலம் தாண்டித் தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தபோது குடோன் வாசல் பக்கம் நெருங்கவே முடியவில்லை. பஞ்சுப் பொதிகள் வாசலை அடைத்துக்கொண்டு எரிந்தன. நிலைய அதிகாரி சண்முகவேல் சந்துக்குள் ஓடி ஆத்தாயியின் கொட்டகைக்கு வந்தார். அவள் ஆட்களோடு நூல் மூட்டைகளை வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கொட்டகை உங்களுதா?"

"ஆமாங்க."

"வாசப் பக்கம் போக வழியில்ல. இந்தப் பொதுச்சுவத்த இடிச்சா உள்ள தண்ணி அடிக்கலாம். உங்க கூரையையும் பிரிச்சுத் தள்ளணும். இந்தச் சட்டம் பத்திக்கிச்சுன்னா தீ தெருக்கோடி வரைக்கும் ஓடிரும். ஆனா உங்க தறி..."

ஆத்தாயி தறிகளைப் பார்த்தாள். தரையில் போல்ட்டு போட்டு இறுக்கினவை, நகர்த்த முடியாது. மேலேயிருந்து ஓடும் சட்டமும் விழும். மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கும். தறியில் ஏற்றி இரண்டு நாள்கூட ஆகாத பாவு நூல் சேறாகிப் போகும். கிழக்கே இருந்து குழந்தைகளை அள்ளிக்கொண்டு ஓடும் பெண்களின் கூச்சல் கேட்டது.

"இடிங்க" என்றாள். "யோசிக்கறதுக்கு நேரமில்லீங்க, இடிங்க!"

சொன்ன கையோடு அவளே ஒரு கடப்பாரையை எடுத்துத் தீயணைப்பு ஆள் ஒருவனிடம் நீட்டினாள்.

பொழுது சாய்வதற்குள் தீ அடங்கிவிட்டது. குடோன் சாம்பல். கிழக்கு வரிசையில் ஒரு வீட்டின் கீற்றுத் தட்டி கூடக் கருகவில்லை. நடுவில் ஆத்தாயியின் கொட்டகை மட்டும் கூரை இல்லாமல், முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீரில், உடைந்த ஓடுகளுக்கு அடியில் எட்டுத் தறியையும் வைத்துக்கொண்டு நின்றது. தீ மட்டும் அதைத் தொடவில்லை.

சந்தையிலிருந்து திரும்பிய சின்னண்ணன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"யாரக் கேட்டு இடிக்கச் சொன்ன?"

"கேக்கறதுக்கு நீங்க இங்க இல்லீங்களே" என்றாள் ஆத்தாயி.

இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் போயிற்று. சர்வேயர் வரப்போகிறார் என்று தெரிந்ததும் கந்தப்பன் வந்தார். நல்ல மனசோடுதான் வந்தார்.

"ஆத்தாயி, நான் சொல்றதக் கேளு. தீ இன்சூரன்ஸுன்னா எரிஞ்சிருக்கோணும். உன்ர கொட்டகையில கரிகூட இல்ல. ரெண்டு மரச்சட்டத்துல சீமெண்ணெய் ஊத்திக் கொளுத்திப் போடு. தீ உள்ள வந்துருச்சுன்னு சொல்லிக்கலாம். யாரு பாக்கப் போறா?"

சின்னண்ணன் அவள் முகத்தையே பார்த்தான். அவனுக்கும் அந்த எண்ணம் ஓடியிருக்க வேண்டும்.

"வேண்டாமுங்க அண்ணா" என்றாள் ஆத்தாயி. "ஊரே பார்த்துச்சு. நடந்ததுலயே ஞாயம் இருக்கறப்ப நடக்காதத எதுக்குச் சொல்லோணும்?"

சேலத்திலிருந்து வந்த சர்வேயர் கைலாசம் ஒழுங்கான மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிச் சேற்றில் இறங்கி, ஒவ்வொரு தறியாகப் பார்த்தார். கடைசியில் கேட்டார்: "தீ எதுவரைக்கும் வந்துச்சும்மா?"

"அந்தச் செவுரு வரைக்குமுங்க. உள்ள வரல."

"சுவத்த இடிக்கச் சொன்னது?"

"நாந்தானுங்க."

அவர் நிமிர்ந்து ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

கம்பெனியிலிருந்து வந்த பதில் சுருக்கமாக இருந்தது. பாலிசி தீயால் வரும் நஷ்டத்துக்கு மட்டும். இங்கே நஷ்டம் தண்ணீராலும் இடிப்பாலும் வந்தது. அந்த இடிப்பும் சொந்தக்காரரே விரும்பிச் செய்தது. ஆகவே ஒன்றும் தருவதற்கில்லை. கொஞ்ச நாள் கழித்து கம்பெனி ஆள் ஒருவர் நேரில் வந்து, இரக்கப்பட்டு ஒரு சிறு தொகை தருகிறோம், 'சுவரை இடித்தது என் சொந்த முடிவு, கம்பெனிக்குப் பொறுப்பில்லை' என்று கையெழுத்துப் போடுங்கள் என்றார். சின்னண்ணன் பேனாவைத் தேடினான்.

"இரக்கம் எதுக்குங்க?" என்றாள் ஆத்தாயி. "நாங்க பிச்சைக்கா பிரீமியம் கட்டுனோம்?"

வந்தவர் போன பிறகு புருஷனும் பெண்டாட்டியும் நன்றாகச் சண்டை போட்டார்கள். ஆனால் மறுநாள் சங்ககிரி பஸ்ஸில் அவள் ஏறினபோது, சொல்லாமல் கொள்ளாமல் அவனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

சங்ககிரியில் லாரிக்காரர்களின் விபத்து வழக்குகளையே நடத்தி நடத்தி இன்சூரன்ஸ் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர் வக்கீல் பரக்கத் அலி. அவர் பாதி கதையிலேயே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"சர்வேயர்கிட்ட நீங்க என்னம்மா சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க."

சொன்னாள். கந்தப்பன் சொன்ன யோசனையையும் சொன்னாள்.

"அல்லா காப்பாத்தினான்!" என்றார் பரக்கத் அலி. "ஒரு மரச்சட்டத்தைக் கொளுத்தியிருந்தா உங்க கேஸ் அன்னைக்கே செத்திருக்கும். இன்சூரன்ஸ்ங்கறது முழு நம்பிக்கை மேல நிக்கிற ஒப்பந்தம். அதுல ஒரு பொய் கலந்துச்சுன்னா மிச்சம் அத்தனை உண்மையும் வீண். இப்ப பாருங்க, நம்ம பக்கம் ஒரு அழுக்கும் இல்ல."

"ஆனா தீ உள்ள வரலீங்களே வக்கீல் பாய்?" என்றான் சின்னண்ணன்.

"வரணும்னு அவசியமில்ல. கடைசியா எது பொருளைக் கெடுத்துச்சுன்னு சட்டம் பாக்காது. எது எல்லாத்தையும் கிளப்பி விட்டுச்சுன்னு பாக்கும். தண்ணி ஏன் வந்துச்சு? தீயால. சுவர் ஏன் இடிஞ்சுச்சு? தீயால. சங்கிலி அறுபடாம இருக்குதுல்ல? போதும். ஆனா இதக் கோர்ட்டுல நான் சொல்றது பெரிசில்ல. அவங்களையே சொல்ல வைக்கணும்."

வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. அதுவரை ஆத்தாயி சும்மா இருக்கவில்லை. தீயிலிருந்து தப்பிய கிழக்கு வரிசைக்காரர்கள் தங்கள் தறிகளில் இரவு ஷிப்டை அவளுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அதில் நெய்து வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறினாள்.

விசாரணை நாளில் கம்பெனி வக்கீல் அவளைக் கூண்டில் நிறுத்திக் கேட்டார்.

"உங்க கொட்டகையில ஒரு குச்சியாவது எரிஞ்சுதா?"

"இல்லீங்க."

"இடிக்கச் சொன்னது நீங்க?"

"ஆமாங்க."

"தறியெல்லாம் கெட்டுப்போகும்னு தெரிஞ்சே சொன்னீங்க?"

"தெரிஞ்சேதானுங்க."

வக்கீல் ஜட்ஜைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உட்காரப்போனார். ஆத்தாயி கூண்டை விட்டு இறங்கவில்லை.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கறேனுங்க. தீ வரலீன்னா நான் எதுக்குங்க என்ர செவுத்த இடிக்கச் சொல்றேன்? சும்மா இருக்கறப்ப ஆராச்சும் தன்ர ஊட்ட இடிப்பாங்களா?"

கோர்ட் சிரித்தது. ஜட்ஜ் சிரிக்கவில்லை, அவள் சொன்னதை எழுதிக்கொண்டார்.

அடுத்து சர்வேயர் கைலாசம் ஏறினார். பரக்கத் அலி நிதானமாக ஆரம்பித்தார்.

"அந்த அம்மா உங்ககிட்ட எதையாவது மறைச்சாங்களா?"

"இல்லை."

"பாலிசியில, ஆபத்து வந்தா பொருளைக் காப்பாத்த உரிமையாளர் தன்னால ஆனதைச் செய்யணும்னு ஒரு நிபந்தனை இருக்குதா?"

"இருக்கு."

"சுவத்த இடிக்கவிடாம அவங்க மறிச்சு நின்னு, கொட்டகை எரிஞ்சிருந்தா? நிபந்தனையை மீறிட்டாங்கன்னு கம்பெனி சொல்லியிருக்குமா இல்லையா?"

கைலாசம் கொஞ்சம் யோசித்தார். "சொல்லியிருக்கலாம்."

"ஆக, இடிச்சாலும் குடுக்கறதில்ல, இடிக்காட்டியும் குடுக்கறதில்ல. சரி. கிழக்கு வரிசையில இருக்கற தறிக் கொட்டகைகள் யார்கிட்ட இன்சூர் ஆகியிருக்கு?"

கம்பெனி வக்கீல் எழுந்தார். இந்தக் கேள்விக்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை என்றார். ஜட்ஜ் அவரை உட்காரச் சொன்னார்.

"இதே கம்பெனிலதான்" என்றார் கைலாசம். "பெரும்பாலும் எல்லாமே."

"அன்னைக்கு அந்தச் சுவர் இடிபடாம இருந்திருந்தா?"

கைலாசம் கம்பெனி வக்கீல் பக்கம் திரும்பவில்லை. ஆத்தாயியைப் பார்த்தார்.

"நான் சர்வேக்கு வந்தப்ப கூரைக்குக் கூரை இடைவெளிய அளந்து பார்த்தேன், ஐயா. காத்து அடிச்ச வேகத்துக்கு வரிசை முழுசும் போயிருக்கும். கம்பெனி எல்லாத்துக்கும் குடுத்திருக்கணும். இந்த அம்மா தன்னோடதக் குடுத்து அத்தனையையும் மிச்சப்படுத்தினாங்க."

பரக்கத் அலி வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை. கறுப்பு அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

தீர்ப்பு நாளில் தெருவில் பாதி சங்ககிரிக்கு வந்திருந்தது. நஷ்டத்துக்கு நேர்க்காரணம் தீயே என்றார் ஜட்ஜ். தீயை அணைக்கும்போது வரும் சேதமும் தீயின் சேதம்தான். பேராபத்தைத் தடுக்க நல்லெண்ணத்தோடு செய்ததை விரும்பிச் செய்த நாசம் என்று சொல்வது நியாயத்தைத் தலைகீழாக நிறுத்துவது. முழு நஷ்ட ஈடும் வட்டியும் செலவும் கம்பெனி கொடுக்கவேண்டும்.

தீர்ப்பு இங்கிலீஷில் இருந்ததால் முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பரக்கத் அலி திரும்பி, "முழுசும்மா, முழுசும்!" என்றதும் கிளம்பிய ஆரவாரத்தில் டவாலி ஓடிவந்து எல்லோரையும் வெளியே விரட்டினான். வெளியே புளியமரத்தடியில் கந்தப்பன் சின்னண்ணனைக் கட்டிப்பிடித்து அழுதார். ஆத்தாயி மட்டும் அழவில்லை. பசிக்கிறது என்றாள். பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் தெருவே உட்கார்ந்து பரோட்டா தின்றது. சின்னண்ணன் கல்லாக்காரரிடம், பரிமாறுகிற ஆளிடம், பக்கத்து மேசையில் இருந்த லாரி டிரைவர்களிடம் எல்லாம் சொன்னான்:

"இவ என்ர சம்சாரமுங்க. கம்பெனிய ஜெயிச்சுட்டு வாராளுங்க."

ஆத்தாயிக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை. இன்னொரு பரோட்டா வாங்கிக்கொண்டாள்.

கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. அந்த வருஷமே ஆடி முடிந்து ஆவணியில் புதுக் கொட்டகை எழுந்தது. நல்ல நாள் பார்த்து மோட்டாரைப் போட்டபோது, பழைய எட்டோடு நிற்காமல் பன்னிரண்டு தறி ஓடியது. அந்த இரைச்சலில் வந்தவர்கள் சொன்ன வாழ்த்து ஒன்றுகூட ஆத்தாயி காதில் விழவில்லை. வாயசைவைப் பார்த்தே எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியபடி, தீபாவளிச் சரக்குக்குப் பாவு ஏற்றப் போனாள்.