எந்த சுவிட்ச் எதற்கு

சந்தேகப்படுவதற்குச் சம்பளம் உண்டென்றால் இயக்குநர் எப்போதோ கோடீஸ்வரர் ஆகியிருப்பார். ஆய்வுக்கூடத்தில் பேனா காணாமல் போனாலும் சரி, தேநீருக்கு வைத்த பால் திரிந்தாலும் சரி, யாராவது ஒருவர் மேல் அவர் கண் விழும். இம்முறை அது மனைவியின் தம்பி மேல் விழுந்தது.

விஷயமும் சின்னதல்ல. வற்றிவிட்டதென்று கைவிட்ட எண்ணெய் வயலில், பாறையின் நுண்துளைகளுக்குள் இன்னும் எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கழுவி வெளியே தள்ள ஒரு கரைசல் கண்டுபிடிக்கத்தான் அரசு பணம் கொடுத்தது. முதல் தவணை தீரும் நேரம். முடிவு நன்றாக இருந்தால் அடுத்தது வரும். இல்லையென்றால் கூடத்துக்கே பூட்டு. சோதனையைச் செய்த மைத்துனன், கல்லில் இருந்த எண்ணெயில் முக்கால்வாசி வந்துவிட்டது என்று முடிவைக் கொண்டுவந்து வைத்தான். உலகத்தில் எவனுக்கும் வராதது இவனுக்கு மட்டும் எப்படி வரும்?

வீட்டில் மனைவியிடம் ஜாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பொய் சொல்லத் தெரிஞ்சவன் உங்ககிட்டயா வேலைக்கு வருவான்?"

அதற்கெல்லாம் அசருகிறவரா அவர்? கரைசலை முகர்ந்தார், தராசைச் சோதித்தார், குழாய்களை எண்ணினார். எல்லாம் ஒழுங்காக இருந்தன. அதுதான் அவர் சந்தேகத்தை இன்னும் கிளப்பியது. அரசின் மதிப்பீட்டாளர் வருவதற்கு முந்தைய நாள், உருளை உருளையாகப் பாறைகள் அடுக்கிய அறையில் மைத்துனனை மடக்கி, என்ன தில்லுமுல்லு செய்தாய் என்று நேராகவே கேட்டார்.

மைத்துனன் தலையைத் தூக்கவில்லை. "ஓவன் அணைஞ்சு கிடந்தா எண்ணெய் கல்லுல எப்படி மாமா ஒட்டும்?"

எண்ணெய் ஊறிய கல்லை வாரக்கணக்கில் ஓவன் சூட்டிலேயே வைக்க வேண்டும். அப்போதுதான் பூமிக்கடியில் பிடித்திருப்பதுபோல் எண்ணெய் கல்லைப் பிடிக்கும். சூடு இல்லையென்றால் பச்சைத் தண்ணீர் விட்டாலே வந்துவிடும். யார் அணைத்தது என்று இயக்குநர் உறுமினார்.

"நீங்கதான். தினமும் வீட்டுக்குப் போறப்ப நடையில இருக்கிற சுவிட்சை எல்லாம் வரிசையாத் தட்டிட்டுப் போவீங்களே. காலையில நான் மறுபடி போட்டேன். சாயந்தரம் நீங்க மறுபடி அணைச்சீங்க. பணம் வரணும்னு வேணும்னேதான் செய்றீங்கன்னு நினைச்சேன். அக்காவுக்காக வாயை மூடிக்கிட்டேன்."

கரண்டு மிச்சம் பிடிக்கிறோம் என்ற பெருமையில் அல்லவா இயக்குநர் தட்டிக்கொண்டிருந்தார்! மேஜையில் உட்கார்ந்து வரைபடம் பார்த்தே வயதானவர். எந்த சுவிட்ச் எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. தன்னைத் திருடன் என்று நினைத்துக்கொண்டே இவன் தினமும் வணக்கம் சொல்லியிருக்கிறான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் மதிப்பீட்டாளர் அம்மா வந்து உட்கார்ந்ததும், அவர் அறிக்கையைத் திறக்கும் முன்பே இயக்குநர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். முடிவு தப்பு, ஓவனை அணைத்தது நான்தான், தெரியாமல் செய்தது என்றார்.

அந்த அம்மா அவரையும் மைத்துனனையும் மாறி மாறிப் பார்த்தார். அது இயக்குநருக்கு நன்றாகப் பழகிய சந்தேகப் பார்வைதான். இதுவரை அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது கண்ணாடியில்.

"இவர் உங்க மனைவியோட தம்பிதானே? இவரைக் காப்பாத்தவா பழியை நீங்க ஏத்துக்கிறீங்க?"

மைத்துனன் குறுக்கிட்டான். "இல்லைங்க மேடம். அவருக்கு ஓவன் சுவிட்ச் எதுன்னே தெரியாது."

அதையும் அந்த அம்மா நம்பவில்லை. மூவரும் நடைக்குப் போனார்கள். ஓவன் சுவிட்சைக் காட்டச் சொன்னார். இயக்குநர் அந்த நீண்ட வரிசையை மேலும் கீழும் பார்த்தார். குருட்டாம்போக்கில் ஒன்றைத் தட்டினார்.

கூடம் முழுக்க இருட்டானது.

"நம்புறேன்," என்றது அந்த அம்மாவின் குரல். "ஆனா சுவிட்சே தெரியாதவர்கிட்ட ஜனங்க பணத்தை எப்படிக் கொடுக்கிறது?"