வேப்பம்பாடிக் கூட்டத்தின் வரவேற்புரை

பெரம்பலூர்ப் பக்கம் வேப்பம்பாடி மைதானத்தில், தலைவரின் பேச்சைக் கேட்கத் திரண்ட கூட்டம் இருபது வருஷத்துக்கு மேலாகக் கலையவில்லை. தலைவர் வந்துகொண்டிருந்தார். வழியில் ஊருக்கு ஊர் வரவேற்பு கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் இறங்கி மாலை வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

பிலோமினா முதல்முறை அங்கே வந்தபோது திருச்சியில் இதழியல் படித்துக்கொண்டிருந்தாள். அரசியல் கூட்டங்களுக்கு மக்கள் ஏன் வருகிறார்கள் என்று ஒரு சின்னக் கட்டுரை எழுதுவதாகத் திட்டம். கூட்டம் முடிந்து போகிறவர்களிடம் நாலு கேள்வி கேட்டால் போதும். கூட்டம் முடியாததால் கட்டுரை முனைவர் பட்ட ஆய்வானது. அதை வைத்து வேலை கிடைத்தது, பிறகு துறைத்தலைவர் பதவியும் வந்தது. அவளுடைய புத்தகத்தை வெளிநாடுகளில்கூடப் பாடமாக வைத்தார்கள். அதில் கடைசி அத்தியாயம் மட்டும் இல்லை. கூட்டம் எப்படிக் கலைகிறது என்று பார்க்காமல் அதை எழுத முடியாது.

கூட்டத்தில் இதற்குள் வீடுகள் எழும்பி, கல்யாணங்கள் நடந்து, பிள்ளைகள் பிறந்திருந்தார்கள். ஆட்களை ஏற்றி வந்த லாரிகளில் ஒன்று ரேஷன் கடையாகவும் ஒன்று பால்வாடியாகவும் ஓடிக்கொண்டிருந்தன. முன்னால் உட்கார்ந்திருந்தவர்களை ஒரு வார்டாகவும் பின்னால் நின்றவர்களை இன்னொரு வார்டாகவும் பேரூராட்சி பிரித்திருந்தது. நின்றவர்களுக்குத் தண்ணீர் சரியாக வராது. அவர்களுடைய கவுன்சிலர் தனக்கோடி, அத்தை வீட்டுக்குப் போகிற லாரி என்று நினைத்து ஏறி வந்தவள்.

பிலோமினா சனிக்கிழமைதோறும் வருவாள். தனக்கோடி வீட்டில்தான் சாப்பாடு. ஆனால் எதிலும் கருத்துச் சொல்ல மாட்டாள். ஆராய்கிறவர் கருத்துச் சொன்னால் ஆய்வு கெட்டுவிடும். தண்ணீர் கேட்டுப் பின்வார்டு முன்வார்டை மறித்தபோதுகூட நடுவில் நின்று குறிப்பெடுத்தாள். அன்று மட்டும் தனக்கோடி சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்பு ஊற்றாமல் உள்ளே போய்விட்டாள்.

ஒரு சனிக்கிழமை தலைவர் வந்துவிட்டார்.

கிழவராகியிருந்தார். இரண்டு பேர் தாங்கி மேடையேற்றினார்கள். பின்னாலேயே டிவி வண்டிகள் வந்தன. கூட்டம் கை தட்டியது. தட்டிக்கொண்டே வீடுகளைத் திரும்பிப் பார்த்தது. தலைவர் பேசி, நன்றியுரையும் ஆகிவிட்டால் கூட்டம் முடிந்தது. எல்லாரும் கிளம்ப வேண்டியதுதான். லாரி டிரைவர்கள் அரிசி மூட்டைகளை இறக்க ஆரம்பித்தார்கள்.

பிலோமினா பேனாவைத் திறந்தாள். 'கடைசி அத்தியாயம்' என்று எழுதி அடிக்கோடிட்டாள்.

தனக்கோடி ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"மேடம், வரவேற்புரை இன்னும் ஆகல."

"யாரு பேசணும்?"

"பேச வேண்டியவரு செத்து எவ்வளவோ நாளாச்சு. நீங்க பேசுங்க."

"நான் பேசக் கூடாது தனக்கோடி. நான் பாக்க வந்தவ."

"இத்தனை வருஷமா பாத்தாச்சுல்ல? வர்ற வாரம் எம் பொண்ணுக்குப் பரீட்சை. பள்ளிக்கூடம் இங்கதான இருக்கு. நாங்க கலைஞ்சு எங்க போறது? உங்க புஸ்தகத்துல அது இருக்கா?"

அது இல்லை. பிலோமினா பேனாவை மூடினாள்.

அவள் மேடையேறியபோது தலைவர் மைக்கைப் பிடித்துவிட்டார். "ஐயா, வரவேற்புரை" என்றாள். அவர் தலையசைத்து உட்கார்ந்துகொண்டார். வரவேற்புக்குக் குறுக்கே பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை.

எதையும் தயார் செய்து வராததால், தன் புத்தகத்தை முன்னுரையிலிருந்து ஒப்பிக்கத் தொடங்கினாள். பெயர் வருகிற இடங்களில் அந்தந்தப் பெயருக்குரியவர் எழுந்து நின்றார். அடிக்குறிப்புகளையும் அவள் விடவில்லை. தண்ணீர் மறியல் அத்தியாயம் வந்ததும் அதையும் வரி விடாமல் ஒப்பித்தாள். பிறகு, "பின்வார்டுத் தண்ணி வால்வை மூடினது முன்வார்டுதான். நான் பார்த்தேன்" என்றாள். அது புத்தகத்தில் இல்லாத வாக்கியம். பின்வார்டு விசிலடித்தது. முன்வார்டிலிருந்து ஒரு செருப்பு வந்து அவள் தோளில் பட்டது. அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது போலிருந்தது.

தனக்கோடி வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். "நிறுத்திடாதீங்க" என்றாள்.

பரீட்சைகள் முடிந்தன. பேச்சு முடியவில்லை. கல்லூரி அவளுக்குப் பணிவிடுப்பு அளித்தது. தலைவர் ஒருநாள் மாலைகளைக் கழற்றி வைத்துவிட்டு, "நீங்க பேசுங்கம்மா, எனக்கொண்ணும் அவசரமில்ல" என்று இறங்கிப் போனார். பின்வார்டில் அவருக்கு ஓர் அறை ஒழித்துக் கொடுத்தார்கள். காலையில் குடத்தோடு குழாயடியில் நின்றார்.

டிவிக்காரர்கள் தலைவர் இறங்கிப் போன அன்று முழுக்க, 'வேப்பம்பாடியில் மனிதக் கடல்' என்று திரையின் அடியில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் துறைமுக இலாகாவிலிருந்து இரண்டு அதிகாரிகள் அளவுநாடாவோடு வந்து, கடல் என்றால் கலங்கரை விளக்கம் வேண்டுமே, எங்கே வைக்கலாம் என்று கேட்டார்கள். பின்வார்டுப் பக்கம் தெருவிளக்கு எரிவதில்லை, அங்கேயே வைத்துவிடுங்கள் என்றாள் தனக்கோடி. அவர்களுக்கு டீ வந்தது. ரேஷன் கடைக்குப் பக்கத்தில் யாரோ இரண்டு படகுகளைக் கட்டியிருந்தார்கள்.

அலை அடங்கும்வரை காத்திருந்து, பிலோமினா அடுத்த அத்தியாயத்தைத் தொடங்கினாள்.