இலக்கம் ஒன்பது, ராசம்மா வீதி

நிரஞ்சலாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று சொல்பவர்கள் அவளை முகக்கவசத்தோடு பார்த்ததில்லை. கொரோனா வந்த இரண்டாம் வருடம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, பதுளையில் பல்கலைக்கழக நூலகத்தின் வாசலில் அவள் நின்றபோது அந்தக் கோபம் மொத்தமும் கண்கள் இரண்டுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ஏலாது தங்கச்சி. உங்கள உள்ள விட ஏலாது" என்றார் நௌபர். வாசலில் மேசை போட்டு, கணினியும் காய்ச்சல் பார்க்கும் கருவியுமாக இருக்கும் நூலக உதவியாளர் அவர்.

"நேத்தே சீட் புக் பண்ணிட்டேன் சேர். பதினேழாம் நம்பர்."

"பண்ணினீங்க தான். பிறகு ரத்தாகிட்டு. உங்கட தோட்டத்த மூடியிருக்காங்க. நெடுங்கல் தோட்டம், லுணுகலை. லிஸ்ட்ல இருக்கே."

"மூடினது மேல் டிவிசனை சேர். நாங்க கீழ் டிவிசன். நடுவுல அஞ்சு மைல் இருக்கு. இந்தாங்க, பாருங்க." சுகாதாரப் பரிசோதகர், அதுதான் எல்லோரும் பி.எச்.ஐ. என்று சொல்கிற ஆள், தோட்டத்தில் ஒட்டிய அறிவித்தலைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். அதை நீட்டினாள்.

நௌபர் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிதானமாகவே படித்தார். பிறகு தன் திரையைப் பார்த்தார்.

"நீங்க சொல்றது சரி. ஆனா இதுல டிவிசனுக்குப் பெட்டி இல்ல. வீட்டு இலக்கம், வீதி, ஊர், அவ்வளவுதான். நீங்க இலக்கத்துக்குக் கோடு போட்டிருக்கீங்க. வீதிக்கும் கோடு. மிச்சம் இருக்கிறது தோட்டத்துட பேர் மட்டும். கம்பியூட்டர் அதத்தானே பிடிக்கும்?"

அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தோட்டத்துப் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேரும் அன்று அப்பாவோ அம்மாவோ படிவத்தில் வீட்டு இலக்கத்துக்கு எதிரே ஒரு கோடு போடுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையே போட்டுக்கொள்ளும். புலமைப்பரிசில் படிவம், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், எல்லாவற்றிலும் கோடு. யாரும் ஏன் என்று கேட்டதில்லை. நெடுங்கல் தோட்டத்தில் இரண்டு டிவிசனிலுமாக நானூறு குடும்பம். விலாசம் ஒன்றே ஒன்று. கடிதம் எல்லாம் தோட்டத்து ஆபிசுக்கு வரும். கிளாக்கர் சிவஞானம் நினைத்தால் கொடுப்பார், மறந்தால் மேசை லாச்சியில் கிடக்கும். நிரஞ்சலாவின் பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் அந்த லாச்சியில் பதினொரு நாள் தூங்கியது. அன்றைக்கும் அவள் கிளாக்கரோடுதான் சண்டை போட்டாள். கோட்டோடு போடவில்லை. அது அவள் தப்பு.

இப்போது அந்தக் கோடு அவளை வாசலில் நிறுத்தியிருந்தது. உள்ளே, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மூன்றாவது தட்டில், பதினொரு பாகம் சிவப்பு அட்டை போட்ட மழைப் பதிவேடுகள் இருந்தன. ஊவாவில் நாற்பது வருடம் எந்தச் சரிவில் எந்த நாள் எவ்வளவு மழை பெய்தது என்ற கணக்கு முழுவதும் அவற்றில் இருந்தது. தேயிலைச் சரிவுகளை மழை எப்படி அரித்தது என்பதுதான் அவளுடைய இறுதியாண்டு ஆய்வு. பதிவேடுகளை வீட்டுக்குத் தரமாட்டார்கள். பிரதி எடுக்கவும் விடமாட்டார்கள், அட்டை பிய்ந்துவிடுமாம்; போனில் படம் பிடிக்கவும் தடை. உட்கார்ந்துதான் எழுத வேண்டும். ஆய்வைக் கொடுக்க இன்னும் பன்னிரண்டு நாள். ஒரு நாள் பிந்தினாலும் அடுத்த வருடப் பிள்ளைகளோடு சேர்த்துவிடுவோம் என்று துறையில் எழுத்தில் கொடுத்துவிட்டார்கள்.

பின்னால் ஒரு மீட்டர் தள்ளி வரிசையில் நின்ற றிப்னாவுக்கு மனம் கேட்கவில்லை. அவள் நிரஞ்சலாவோடு ஒரே வகுப்பில் படிப்பவள்; பதுளை டவுனில் அவள் வாப்பாவுக்குப் புடவைக் கடை.

"எங்கட வீட்டு அட்ரஸப் போடு" என்று மெதுவாகச் சொன்னாள். "நம்பரும் இருக்கு, ரோட்டும் இருக்கு. உம்மா ஒண்டும் சொல்ல மாட்டா. ரெண்டு நிமிஷத்துல உள்ள போயிரலாம்."

நல்ல மனதோடு சொன்னதுதான். அதனால்தான் இன்னும் சுட்டது.

"நான் வீடு இல்லாமலா றிப்னா இருக்கேன்?"

நிரஞ்சலா மேசைப் பக்கம் திரும்பினாள்.

"சேர், வீட்டு நம்பரும் வீதியும் இருந்தா விடுவீங்களா?"

"பி.எச்.ஐ. தார கடிதத்துல அந்த விலாசம் இருந்தா விடத்தான் வேணும். சட்டம் அப்படித்தான் இருக்கு."

"அப்ப கொண்டாறேன்."

"இல்லாத நம்பர எங்க இருந்து கொண்டு வருவீங்க?" என்று நௌபர் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை.

லுணுகலை பஸ்ஸில் இரண்டு சீட்டுக்கு ஒரு ஆளாக உட்கார்ந்து போகும்போது அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் முகக்கவசம் நனைந்து மூச்சு முட்டும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அம்மா ராசம்மா மலையிலிருந்து இறங்கி, கால் கழுவி, தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டும் வரை நிரஞ்சலா பொறுத்திருந்தாள். பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். இருபத்தெட்டு வருடமாகக் கொழுந்து பறிக்கிற ராசம்மா, கேட்டு முடிக்கும்வரை மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம காம்பிரா எத்தனாவது?" என்று கேட்டாள்.

"என்னது?"

"ரோட்டுப் பக்கமிருந்து எண்ணு."

நிரஞ்சலா வெளியே போய் எண்ணிவிட்டு வந்தாள். இருபத்திரண்டு வருடம் இருந்த வீடு எத்தனாவது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒன்பது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ட்டைக் கேட்டு வாங்கினாள். ஒரே கூரைக்குக் கீழ் வரிசை வீடுகளாக லயம் இரண்டு, வாசல் இருபத்துநாலு. முதல் வாசலில் ஒன்று என்று போட்டதும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஏழாவது வாசல் வருவதற்குள் ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். எட்டாவது வாசலில் பாக்கியலெட்சுமி கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு எட்டு வேணாம். சனியனை எங்க வாசல்லயே எழுதி வைக்கப் போறியா?"

"அக்கா, ஏழுக்கு அப்புறம் எட்டுதானே வரும்?"

"ஒனக்குப் படிப்பு இருக்குல்ல, வேற ஏதாவது பண்ணு."

படிப்பு கைகொடுத்தது. டவுனில் ஒரு வீட்டை இரண்டாகப் பிரித்தால் எப்படி இலக்கம் போடுவார்கள் என்று றிப்னாவின் தெருவில் அவள் பார்த்திருந்தாள். 7/1 என்று எழுதினாள். பாக்கியலெட்சுமி தள்ளி நின்று பார்த்து, இது எல்லாவற்றிலும் பெரிய வீட்டு நம்பர் மாதிரி இருக்கிறது என்று திருப்திப்பட்டாள். அடுத்த வாசலுக்கு ஒன்பது.

வீதிக்குத்தான் பெயர் கிடைக்கவில்லை. சாமி பெயர் வைக்கலாம் என்றார்கள். எந்தச் சாமி என்பதில் கால்மணி நேரம் போனது. கடைசியில் பாக்கியலெட்சுமிதான் சொன்னாள். போன மழைக்கு லயத்துக்கு வருகிற பாதை அறுத்துக்கொண்டு போனபோது ஆபிசுக்கு மூன்று தடவை மனு கொடுத்தும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ராசம்மாதான் நான்கு ஞாயிறு பெண்களைக் கூட்டி, ஆற்றிலிருந்து கல் சுமந்து பாதையைப் போட்டாள். "கல்லு சுமந்தவ பேரை வைக்காம யாரு பேரை வைக்கிறது?"

"உசுரோட இருக்கிறவ பேரையா வைப்பாங்க?" என்று ராசம்மா வெட்கத்தில் எரிந்து விழுந்தாள். அதற்குள் நிரஞ்சலா பாதை முனையிலிருந்த பாறையில் பாதி எழுதிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை பெரட்டுக் களத்தில், வேலை பிரித்துக் கொடுக்கும் நேரத்தில், கிளாக்கர் சிவஞானம் வந்து நின்றார். நிரஞ்சலாவும் அம்மாவோடு போயிருந்தாள்.

"லயத்துல கிறுக்கினது யாருன்னு எனக்குத் தெரியும். செவரு தோட்டத்துச் சொத்து. இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள எல்லாத்தையும் சொரண்டிடணும்னு தொரை சொல்லிட்டாரு."

நிரஞ்சலா வாயைத் திறந்தாள். ராசம்மா கையை நீட்டி அவளைப் பின்னால் தள்ளினாள்.

"ஐயா, நான் கொழுந்து நிறுக்க வந்தா என்ன நம்பர்னு எழுதுவீங்க?"

சிவஞானத்துக்கு அது எங்கே போகிறது என்று தெரியவில்லை. "நூத்தி நாப்பத்தேழு."

"பாக்கியத்துக்கு?"

"நூத்தி அம்பத்திரண்டு. அதுக்கென்ன இப்போ?"

"இருபத்தெட்டு வருசமா அந்த நம்பர் ஒரு நாளும் மாறல. ஒரு கிலோ கொறஞ்சா நூத்தி நாப்பத்தேழு யாருன்னு ஒங்களுக்கு ஒடனே தெரியும். கொழுந்து பறிக்கிறப்ப எனக்கு நம்பர் இருக்கு. வீட்டுக்குப் போனா மட்டும் இல்லையா?"

கூடையைக் கீழே வைத்திருந்த பெண்கள் யாரும் அதை எடுக்கவில்லை.

"பொம்பளப் புள்ளையப் படிக்க வச்சா இதான் வரும்" என்றார் சிவஞானம்.

"வரட்டும்" என்றாள் ராசம்மா.

அவர் ஆபிசுக்குப் போனார். அரை மணி நேரம் யாரும் மலைக்கு ஏறவில்லை. வெயில் ஏற ஏறக் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. அது ஆபிசிலிருந்தவர்களுக்கும் தெரியும். திரும்பி வந்த சிவஞானம் யார் முகத்தையும் பார்க்காமல், "போங்க, போங்க. நம்பர் விசயத்தைப் பொறவு பாத்துக்கலாம்" என்றார். பிறகும் பார்க்கவில்லை. ராசம்மா மகளைத் திரும்பிப் பார்க்காமல் கூடையை மாட்டிக்கொண்டு ஏறிப் போனாள்.

செவ்வாய்க்கிழமை பி.எச்.ஐ. கீழ் டிவிசனைப் பார்க்க வந்தார். யார் எந்த வாசல் என்று கேட்டுக் கேட்டே முன்பெல்லாம் அரை நாள் போகும் அவருக்கு. இப்போது எண்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் முடித்தார். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. நிரஞ்சலா கேட்டதும், கார் பொனெட்டின் மேலேயே தாளை வைத்து எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

புதன்கிழமை நௌபர் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பெட்டியில் ஒன்பதைத் தட்டினார். வீதியைத் தட்டினார். திரை பச்சையானது.

"ராசம்மா என்டா ஆரு? பழைய காலத்து ஆளா?"

"எங்கம்மா சேர். இப்ப மலையில நிப்பாங்க."

நௌபர் அவளைப் பார்த்தார். பிறகு ஆசன அட்டையை எடுத்து, வழக்கமாகக் கிறுக்குகிறவர், ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். ஆசனம் 17. நிரஞ்சலா. இலக்கம் 9, ராசம்மா வீதி, நெடுங்கல் தோட்டம், லுணுகலை.

மிச்சம் ஏழு நாள். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான்; அதற்கு மேல் இருக்க விடமாட்டார்கள். பதினொரு பாகத்தையும் விரல் வீங்க வீங்க எழுதித் தள்ளினாள். போகும்போது ஆசன அட்டையைத் தொட்டியில் போட்டுவிட வேண்டும் என்று சுவரில் எழுதியிருந்தது. ஏழு அட்டையில் ஒன்றைக்கூட அவள் போடவில்லை. ஏழும் பையோடு வீட்டுக்கு வந்தன.

கடைசி நாள், கடைசிப் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் அவள் இருந்தபோது, வாசல் மேசையில் ஒரு பெண் குரல் கேட்டது. முதலாம் வருடப் பிள்ளை, நூலகத்தில் பெயர் பதிய வந்திருக்கிறாள். பெரகலப் பக்கம் ஏதோ ஒரு தோட்டம்.

"வீட்டு இலக்கம்?" என்றார் நௌபர்.

"இல்லீங்க சேர். கோடு போட்டுக்குங்க."

நிரஞ்சலா எழுந்து நின்றாள். நாற்காலி தரையில் கிறீச்சிட்டது.

"கோடு போடாத!"

நாற்பது தலை நிமிர்ந்தது. அந்தப் பிள்ளை திடுக்கிட்டுக் கண்ணாடிக் கதவுக்குள் எட்டிப் பார்த்தது.

"தங்கச்சி, இதுக்குள்ள சத்தம் போடக் கூடாது" என்றார் நௌபர்.

"தெரியும் சேர்." அவள் உட்காரவில்லை. "இந்தாம்மா, ரோட்டுப் பக்கமிருந்து எண்ணினா ஒங்க வாசல் எத்தனாவது?"

அந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டது. முகக்கவசத்துக்குள் உதடு அசைய, விரல் விட்டு ஒவ்வொரு வாசலாக எண்ணியது. அவசரப்படுத்தாமல் நௌபர் காத்திருந்தார்.

"பதினாலுங்க" என்றது.

நௌபர் ஒன்றைத் தட்டினார். பிறகு நாலைத் தட்டினார்.